பிள்ளையின் கண் சிவந்தால் காத்திருக்கலாமா, உடனே ஓட வேண்டுமா?



நான் மருத்துவன் அல்ல. வார்டுகளில் நோயாளிகளைச் சந்தித்து, அவர்களோடு பேசி, ஜெபிப்பது என் வேலை. ஆனாலும் இம்மாதம் கண் வியாதியைப் பற்றி எழுதுகிறேன். நான் செய்த ஒரு தவறே அதற்குக் காரணம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாடெங்கும் மெட்ராஸ் ஐ பரவியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிராம ஆலயத்தில் ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தேன். ஒரு தாயார் தன் 7 வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, இவனுக்கு ரெண்டு நாளா கண்ணு செவந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டார். நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். "ஊரெல்லாம் இருக்கிறதுதானே அம்மா, நாலு நாளில் போய்விடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு கேள்விகளை நான் கேட்டிருக்க வேண்டும். கண்ணில் ஏதாவது பட்டதா? ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? இரண்டையும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வேலியோரத்தில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது ஒரு கிளை விசிறி அவனுடைய வலது கண்ணில் அடித்திருந்தது. திங்கட்கிழமை அந்தத் தாயார் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றினார். புதன்கிழமை சிவப்பு குறைந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. சனிக்கிழமை இரவு பிள்ளை வலி தாங்காமல் அழுதான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, அடிபட்டுப் பதினோரு நாள் கழித்து, எங்கள் கண் பகுதிக்கு வந்தபோது கருவிழியின் மேல் வெள்ளையாக ஒரு புண் இருந்தது.

வார்டில் அவரைச் சந்தித்தபோது அவர் என்மேல் கோபப்படவில்லை. "ஐயா, நான் எப்ப வந்திருக்கணும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்பு எங்கள் கண் டாக்டர் அம்மாவிடமும், பல ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்த சிஸ்டரிடமும் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

சிவப்பு என்பது என்ன?

கண்ணின் வெள்ளைப் பகுதியை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரியும்போது கண் சிவக்கிறது. கிருமி, தூசி, ஒவ்வாமை, அடி, உள்ளே புண் என்று எது வந்தாலும் கண் முதலில் சிவக்கத்தான் செய்யும். ஆகவே எவ்வளவு சிவப்பு என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. பயங்கரமாகச் சிவந்த கண் தானே குணமாகிவிடலாம். இலேசாகச் சிவந்த கண் பார்வையை இழக்கலாம். சிவப்போடு கூட வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

பெரும்பாலும் பயமில்லாதவை

மெட்ராஸ் ஐ: 1918-ஆம் ஆண்டு சென்னையில் பரவியபோது இது விவரிக்கப்பட்டதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். பெரும்பாலும் இது வைரஸ் கிருமியால் வருவது. முதலில் ஒரு கண் சிவக்கும். ஓரிரு நாளில் மற்றக் கண்ணும் சிவக்கும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை தெளிவாக இருக்கும். பிள்ளை விளையாடும், சாப்பிடும். ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் குணமாகும். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து பலன் தராது. கெட்டியான மஞ்சள் பீளை நிறைய வந்துகொண்டே இருந்தால் அது பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. டாக்டர் எழுதிக் கொடுப்பார்.

சிவந்த கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்வது உண்மையல்ல. கை, துண்டு, தலையணை, கைக்குட்டை வழியாகவே அது பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டாலும் கையைக் கழுவாவிட்டால் பரவத்தான் செய்யும்.

ஒவ்வாமை: இதன் முக்கிய அடையாளம் அரிப்பு. பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கும். இரண்டு கண்களிலும் இருக்கும். வெயில் காலத்தில் அதிகமாகும், பையன்களுக்கே அதிகம் வரும். அவசரமில்லை, ஆனாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் கருவிழி மெலிந்து கூம்பிப் போகலாம். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கண்ணின்மேல் வைத்தால் ஆறுதல் கிடைக்கும்.

இரத்தத் திட்டு: பலமாக இருமினாலும் வாந்தி எடுத்தாலும் வெள்ளைப் பகுதியில் குங்குமம் அப்பியதுபோல் ஒரு திட்டு தோன்றலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வலிக்காது, பார்வையும் குறையாது. இரண்டு வாரத்துக்குள் கரைந்துபோகும். அடிபட்டு வந்த திட்டு என்றால் மட்டும் டாக்டர் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தையின் நீர் வடியும் கண்: கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் சிறு குழாய் சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது முழுவதும் திறந்திருக்காது. கண் வெள்ளையாகவே இருக்கும், நீரும் கொஞ்சம் பீளையும் வரும். மூக்கோரத்தில் மெதுவாக அழுத்தி நீவிவிட சிஸ்டர் கற்றுக்கொடுப்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடும். கண் சிவந்தாலோ, மூக்கோரத்தில் வீங்கிச் சிவந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அன்றைக்கே கொண்டுவர வேண்டியவை

1. பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து சீழ் வந்தால். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்குள் சில கிருமிகள் போகக்கூடும். அவற்றில் ஒன்று மிக வேகமாகக் கருவிழியைத் துளைத்துவிடும். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மருத்துவர் கார்ல் கிரெடே 1880-ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். அதற்கு முன் அவருடைய ஆஸ்பத்திரியில் நூறு குழந்தைகளில் சுமார் பத்துப் பேருக்கு இந்த வியாதி வந்தது. அதன்பின் ஒன்றுக்கும் குறைவாகியது. இன்று வேறு நல்ல மருந்துகள் இருக்கின்றன. "பிறந்த குழந்தைக்குப் பீளை சகஜம்" என்று பாட்டிமார் சொன்னாலும், கண் சிவந்திருந்தால் அதே நாளில் வாருங்கள்.

2. கண்ணில் அடி அல்லது குத்து. குச்சி, கிளை, முள், நெல் உமி, வில் அம்பு விளையாட்டு, பட்டாசு எதுவானாலும் சரி. செடி கொடியால் பட்ட கீறலில் காளான் வகைக் கிருமி புகும். 1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஆண்டுதோறும் பத்தாயிரம் பேரில் சுமார் 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கண்டார்கள். நம் பகுதியில் அப்படிப்பட்ட புண்களில் ஏறக்குறையப் பாதிக்குக் காளான்தான் காரணம்.

3. சுண்ணாம்பு, ஆசிட், பூச்சிமருந்து, எருக்கம்பால் கண்ணில் பட்டால். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணை வேகவைத்துவிடும்.

4. கண்ணுக்குள் வலி. உறுத்தல் வேறு, வலி வேறு. வலியால் பிள்ளை தூங்காவிட்டால் வாருங்கள்.

5. வெளிச்சம் தாங்காமை. பிள்ளை வெயிலில் கண்ணைத் திறக்க மறுத்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். இது கருவிழியில் அல்லது கண்ணின் உள்ளே வியாதி என்பதற்கு அடையாளம்.

6. பார்வை மங்கல். பீளையைத் துடைத்த பின்பும் மங்கலாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

7. கருவிழியில் வெள்ளைப் புள்ளி அல்லது புகை படர்ந்த தோற்றம். கண்மணி கோணலாக இருப்பது. இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருப்பது.

8. இமை வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால். கண் முன்னே தள்ளியிருந்தாலோ, அசைக்கும்போது வலித்தாலோ சீழ் கண்ணுக்குப் பின்னால் பரவுகிறது என்று பொருள். இது உயிருக்கே ஆபத்து. இரவானாலும் வர வேண்டும்.

9. தட்டம்மைக்குப் பின் கண் சிவந்தால், அல்லது மெலிந்துபோன பிள்ளையின் கண் சிவந்தால். இதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

10. இமையிலோ கண்ணைச் சுற்றிலோ நீர்க் கொப்புளங்கள் தோன்றினால்.

11. ஒரே கண் சிவந்து இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், அல்லது குறைந்து மறுபடியும் அதிகமானால்.

சிவப்பு இல்லாவிட்டாலும் கவனிக்க வேண்டிய இரண்டு உண்டு. கண்மணியில் வெள்ளையாக ஒளி தெரிவது ஒன்று. சில சமயம் போட்டோவில்தான் அது தெரியவரும். கண்ணுக்குள் வளரும் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் கண்டால் உயிரையும் பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம். மற்றொன்று கைக்குழந்தையின் கண் பெரிதாக இருந்து, நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசுவது. "பெரிய அழகான கண்" என்று மெச்சிக்கொண்டிருப்பார்கள். அது பிறவியிலேயே வந்த கண் அழுத்தமாக இருக்கலாம்.

சின்னப் பிள்ளைக்குப் பார்வை மங்கலா என்று எப்படித் தெரியும்?

சிஸ்டர் எனக்குக் கற்றுத்தந்த எளிய வழி இது. பிள்ளையை மடியில் வைத்து விளையாட்டுக் காட்டிக்கொண்டே, சிவந்த கண்ணைக் கையால் மெதுவாக மூடுங்கள். பிறகு நல்ல கண்ணை மூடுங்கள். நல்ல கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை உங்கள் கையைத் தட்டிவிட்டு அழுதால், மற்றக் கண்ணில் பார்வை குறைந்திருக்கலாம். பள்ளிக்குப் போகிற பிள்ளையானால் சுவரிலுள்ள தினசரி நாட்காட்டியை ஒவ்வொரு கண்ணாலும் வாசிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாயாரிடம் நான் அன்று இதைச் செய்யச் சொல்லியிருந்தால்!

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம். சுமார் 7, 8 வயது வரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த வயதில் ஒரு கண் மங்கினால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். பின்னால் புண் ஆறினாலும் அந்தக் கண் சோம்பிக் கிடக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது

மெட்ராஸ் ஐ மாதிரி சாதாரணமாகத் தோன்றினால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தடவை துடைத்து, அந்தப் பஞ்சைப் போட்டுவிடுங்கள். மற்றக் கண்ணுக்கு வேறு பஞ்சு. முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துண்டும் தலையணையும் தனியாக இருக்கட்டும். பீளை நிற்கும்வரை பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மேலே சொன்ன அடையாளங்கள் வருகின்றனவா என்று தினமும் பாருங்கள்.

சுண்ணாம்போ மருந்தோ பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே கழுவுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்து, இமையைத் திறந்து பிடித்து, கையில் கிடைத்த சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். இமைக்குள் சுண்ணாம்புத் துகள் தெரிந்தால் சுத்தமான ஈரத்துணி நுனியால் எடுத்துவிடுங்கள். பிறகு உடனே புறப்படுங்கள். முதல் சில நிமிடத்துத் தண்ணீர் செய்யும் நன்மையைப் பின்னால் எந்த டாக்டராலும் செய்ய முடியாது.

கூரான பொருள் குத்தியிருந்தால் இதற்கு நேர்மாறு. கழுவக் கூடாது, அழுத்தக் கூடாது, குத்தி நிற்கிற பொருளைப் பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்து வைத்து ஒட்டிக் கொண்டுவாருங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், ஆகையால் வழியில் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

செய்யக் கூடாதது

தாய்ப்பால், விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு, பூச்சாறு, இலைச்சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். அன்பினாலேதான் விடுகிறார்கள், எனக்குத் தெரியும். என் தாயாரும் எனக்கு விட்டிருக்கிறார்கள். ஆனால் அவை சுத்தமானவை அல்ல. கீறலுள்ள கண்ணில் அவை புதுக் கிருமியைச் சேர்க்கும். நாக்கால் தூசி எடுப்பதும் அப்படியே.

பழைய பாட்டிலில் மீதியிருக்கும் மருந்தையும், அடுத்த வீட்டுக்காரரின் மருந்தையும் ஊற்ற வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டாக்டர் பார்த்து, நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. அவர் பார்க்காமல் ஊற்றினால், சிவப்பை மறைத்துவிட்டு உள்ளே கிருமியை வளரவிடும். அந்தப் பையனுக்குப் புதன்கிழமை சிவப்பு குறைந்தது இப்படித்தான். ஒவ்வாமைக்காக இதை மாதக்கணக்கில் ஊற்றும் பிள்ளைகளுக்குக் கண் அழுத்தமும் கண்புரையும் வருகின்றன. கண் அழுத்தத்தால் போன பார்வை திரும்பாது.

தட்டம்மையும் கீரையும்

வைட்டமின் ஏ சத்துக் குறைந்த பிள்ளைக்கு முதலில் மாலைக்கண் வரும். மாலையானதும் தட்டித் தடுமாறி நடக்கும். பிறகு கண் வறண்டு, வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரைபோல் திட்டு தோன்றும். அதன்பின் கருவிழி சில நாட்களில் கரைந்துபோகலாம். தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யைத் தீர்த்துவிடுவதால் அந்த நேரத்தில் ஆபத்து அதிகம். தட்டம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். 1970-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு சிறுபிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துவருகிறது. இப்போது 9 மாதத்தில் ஒரு இலட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம் யூனிட், 5 வயது வரை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, மஞ்சள் பூசணி, முட்டை ஆகியவை விலை அதிகமில்லாத கண் மருந்துகள்.

அந்தப் பிள்ளை

டாக்டர் அம்மா புண்ணை இலேசாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். காளான் இழைகள் தெரிந்தன. நாட்டமைசின் என்ற சொட்டு மருந்தை ஆரம்பத்தில் மணிக்கொரு தரம் விட வேண்டியிருந்தது. இரவிலும்தான். அந்தத் தாயார் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்து, கைப்பேசியில் மணியை வைத்து எழுந்து எழுந்து ஊற்றினார். புண் ஆற ஆறு வாரம் ஆயிற்று. கண் காப்பாற்றப்பட்டது. தழும்பு நின்றுவிட்டது. சோம்பல் கண் ஆகாதபடி நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்கினார்கள். கண்ணாடியும் போட்டார்கள். இப்போது அந்தக் கண்ணால் நாட்காட்டியிலுள்ள பெரிய எண்ணை வாசிக்கிறான். அதன் கீழேயுள்ள சின்ன எழுத்துக்கள் தெரிவதில்லை.

இரண்டாம் நாளே வந்திருந்தால்? டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "அன்று அது வெறும் கீறலாக இருந்திருக்கலாம், ஐயா" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நான் அந்தத் தாயாரிடம் போய் என் தவறைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீங்க நல்லதுன்னுதானே சொன்னீங்க" என்றார். அது உண்மைதான். ஆனால் சபைகளில் ஜனங்கள் நம்மிடம் கேட்கிறார்கள். ஆயரிடம், ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியரிடம், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாரிடம் கேட்கிறார்கள். நாம் சொல்வதை டாக்டர் சொன்னதுபோல எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே "ஒன்றுமில்லை, போய்விடும்" என்று சொல்லுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

கண்ணில் ஏதாவது பட்டதா?
வலிக்கிறதா, வெளிச்சத்துக்குக் கூசுகிறதா?
பீளையைத் துடைத்தபின் ஒவ்வொரு கண்ணும் தெளிவாகத் தெரிகிறதா?
கருவிழி பளபளப்பாக இருக்கிறதா, வெள்ளை தெரிகிறதா?

ஒன்றிலாவது சந்தேகம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் கேட்கலாம். வீணாக ஒருமுறை பஸ் ஏறி வந்தால் ஒரு நாள் கூலி போகும். அதுவும் ஏழைக்குப் பெரிய காரியம்தான். ஆனால் அந்தத் தாயார் என்னிடம் சொன்னார், "ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாரிச்சிடலாம் ஐயா" என்று.

இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி உங்கள் ஆலயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்கும்படி உங்களைத் தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள ஊழியன்,
மருத்துவமனைச் சாப்ளின்